பூஜ்யம் என்று எழுதுவதற்கு முன்

கேள்வி: குடிநீர் நுண்ணுயிரியலில் ஆராய்ச்சியாளராக இருப்பது எப்படிப்பட்ட வேலை? நாள் முழுவதும் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையில் இருக்கிறேன். நுண்ணோக்கியைப் பார்த்த நேரம் கொஞ்சம்தான். குழாய்களுக்கு முன்னால் குப்பியோடு நின்ற நேரம்தான் அதிகம்.

குடிநீரில் எல்லா நோய்க்கிருமிகளையும் தனித்தனியாகத் தினமும் தேட முடியாது. ஆகவே மலம் கலந்திருக்கிறதா என்பதற்கு அடையாளமாக, மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தேடுகிறோம். 100 மில்லி நீரை 0.45 மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வின் வழியாக இழுத்தால், பாக்டீரியாக்கள் மேலே தங்கிவிடும். அந்தச் சவ்வை இடுக்கியால் எடுத்து, அடியில் காற்றுக் குமிழி சிக்காதபடி ஓரத்திலிருந்து மெல்லப் படியவிட்டு, வளர்ஊடகத் தட்டில் வைப்போம். சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் இன்குபேட்டரில் ஓர் இரவு இருந்தால் போதும். மறுநாள் காலையில் ஈ.கோலை இருந்தால் நீலப் புள்ளிகளாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, குடிக்கும் நீரின் 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

ஆக, எங்களுக்கு வேண்டிய விடை எப்போதும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் கையெழுத்திட்டுக் கொடுப்பதுதான் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. புள்ளி தெரிந்தால் சந்தேகமே இல்லை, ஏதோ வந்திருக்கிறது. தட்டு வெறுமையாக இருந்தால்தான் கவலை: நீரில் உண்மையிலேயே இல்லையா, அல்லது வரும் வழியில் செத்துவிட்டதா?

இதை நான் கற்றது என் தவறிலிருந்து. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு மிக அருகில் இருந்த குழாயின் மாதிரிகள் வாரக்கணக்கில் பூஜ்யம் காட்டின. அதே பகுதியில் வயிற்றுப்போக்குக்காகச் சிகிச்சைக்கு வருபவர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். "குப்பியில் தயோசல்பேட் போட்டாயா?" என்று என் மேலதிகாரி கேட்டார். நான் விழித்தேன். அன்று வந்த குப்பியிலிருந்து கொஞ்சம் நீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, குளோரின் பார்க்கும் மருந்தைச் சேர்த்தார். நீர் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறியது. மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகும் குப்பிக்குள் குளோரின் மீதமிருந்தது!

கிருமிகளைக் கொல்வதற்காக நிலையத்தில் நீரில் சேர்க்கும் குளோரின், தொட்டவுடன் அவற்றைக் கொன்றுவிடாது. அதற்கு நேரம் வேண்டும். குறைந்தது 30 நிமிடத் தொடர்பு என்பது பொதுவான கணக்கு. அந்தக் குழாய்க்கோ சில நிமிடங்களிலேயே நீர் போய்ச் சேர்ந்துவிட்டது. மக்கள் குடித்த நீரில் பாக்டீரியா உயிரோடு இருந்தது. என் குப்பிக்குள் வந்தவற்றைக் குளோரின் நிதானமாகக் கொன்று முடித்தது. சோடியம் தயோசல்பேட் குளோரினை அந்தக் கணமே செயலிழக்கச் செய்திருக்கும். புதிய குப்பிகளோடு மீண்டும் போய் மாதிரி எடுத்தேன். மறுநாள் தட்டில் ஏழு நீலப் புள்ளிகள். அவை இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. வாரக்கணக்கில் நான் எழுதிக் கொடுத்த பூஜ்யங்களை நம்பித்தானே அவர்கள் அந்த நீரைக் குடித்தார்கள்!

குப்பி சரியாக இருந்தாலும் ஈ.கோலை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேர் குடிநீரால் நோயுற்றார்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம். குளோரினை எளிதில் தாங்கி நிற்கும் ஒட்டுண்ணி அது. வழக்கமான பாக்டீரியா சோதனைகளில் நீர் தேறியிருந்தது. வடிகட்டிய நீரின் கலங்கல் கூடியதுதான் முன்கூட்டியே தெரிந்த அடையாளம். ஆகவே இன்றும் நான் தட்டுகளை எண்ணுவதற்கு முன் கலங்கல் பதிவேட்டைத்தான் புரட்டுகிறேன்.

சரியான முடிவு கிடைத்தும் உயிர்கள் போனதுண்டு. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்து, மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகள் ஆழம் குறைந்த ஒரு கிணற்றில் கலந்தன. ஆய்வகம் ஈ.கோலை இருப்பதைக் கண்டு, நீர் வழங்கும் அமைப்புக்குத் தெரிவித்துவிட்டது. அங்கிருந்து அந்தச் செய்தி சுகாதார அதிகாரிகளுக்கு உடனே போகவில்லை. குளோரின் பதிவேட்டில் அளக்காமலேயே எழுதிய எண்கள் இருந்தன. 7 பேர் இறந்தார்கள். 2,000க்கும் அதிகமானோர் நோயுற்றார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, மோசமான முடிவு வந்தால் அறிக்கை தயாராகும் வரை நான் காத்திருப்பதில்லை. நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரைத் தொலைபேசியில் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் இருக்கையை விட்டு எழுந்திருப்பேன். இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

மனம் நிறையும் நாட்களும் உண்டு. 2022இல் லண்டன் நகரக் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டது. அங்கே ஒரு குழந்தைக்குக்கூட வாதம் வந்ததாகக் கண்டறியப்படவில்லை; அதற்குள் சிறுவர்களுக்குக் கூடுதல் தடுப்பூசி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நோயாளி வருவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிக்கும் வேலை இது. வேறு எந்த வேலைக்கும் நான் போக விரும்பாததற்கு இதுவே காரணம்.

படிப்பைப் பொறுத்தவரை நுண்ணுயிரியல் அடிப்படை. அதோடு நீர் வேதியியலும் புள்ளியியலும் கட்டாயம் வேண்டும். கிருமிகளின் டி.என்.ஏ.வைத் தேடுவது போன்ற மூலக்கூறு நுட்பங்களைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

என் ஆய்வகத்தில் சேர்பவர்களுக்கு முதல் வாரம் முழுவதும் ஒரே வேலைதான். குப்பிகளைக் கழுவி, ஒவ்வொன்றிலும் தயோசல்பேட் இட்டு, மூடியைத் தளர்த்தி, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். எந்தக் குப்பியை யார் தயார் செய்தார் என்று அதன்மேல் அவரவர் பெயர் இருக்கும்.