மொட்டை மாடி பைப்புக்கு அடியில் செங்கல் வைத்தால் போதாதா? ஸ்டாண்டு, கிளாம்ப் என்று பிளம்பர் வீண் செலவு வைக்கிறாரா?

வீண் செலவு இல்லை. உங்கள் பிளம்பர் உங்களை ஏமாற்றவும் இல்லை.

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது. பல வருடங்களாகப் பைப் வேலையில் இருப்பவன் நான். ஸ்டாண்டு போடணும் என்று சொன்னால் "காசு பிடுங்கப் பார்க்கிறான்" என்பார்கள். போடாமல் விட்டு எல்போ (பைப் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைவு) உடைந்தால் "வேலை தெரியாதவன்" என்பார்கள். இரண்டு பேச்சையும் ஒரே ஆளிடம் கேட்டவன் நான்.

உங்கள் மாடியை நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. தொட்டியிலிருந்து இரண்டு மூன்று லைன் தளத்தின் மேலேயே படுத்துப் போய், கைப்பிடிச் சுவரைத் தாண்டி இறங்கும். அதில் ஒன்று சோலார் ஹீட்டரின் சுடுதண்ணீர் லைனாக இருக்கலாம். பைப் தரையில் படாமல் இருந்தால் போதும், அதற்கு எதற்கு இத்தனை சாமான் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நியாயமான சந்தேகம்தான்.

பைப்பைத் தூக்கி வைப்பது வேலையில் ஒரு பங்குதான். பைப் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு என்று நினைக்காதீர்கள். சிபிவிசி பைப் (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 0.06 முதல் 0.07 மில்லிமீட்டர் வரை நீளும். பச்சைத் தண்ணீருக்குப் போடும் யுபிவிசி பிளாஸ்டிக் கொஞ்சம் குறைவு. செம்பு சுமார் 0.017, இரும்பு சுமார் 0.012. எண்களாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். 30 மீட்டர் நேர் ஓட்டத்துக்கும் 40 டிகிரி வித்தியாசத்துக்கும் பெருக்கிப் பாருங்கள். சிபிவிசி ஏழெட்டு சென்டிமீட்டர் நீண்டிருக்கும். அதே தூரத்தில் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், ஒன்றரை சென்டிமீட்டர். இந்த நீளம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். போக வழி விடாவிட்டால் எல்போவின் கழுத்தில் போய் உட்காரும்.

இதை நான் நேரில் பார்த்த கட்டடம் ஒன்று உண்டு. ஐந்து மாடி, அலுவலகக் கட்டடம். மாடியின் ஒரு மூலையில் சோலார் ஹீட்டர்கள், எதிர்மூலையில் இறங்கு லைன். நடுவில் ஒன்றேகால் அங்குல சிபிவிசி லைன் வளைவே இல்லாமல் நீளமாக ஓடியது. கடைசி எல்போ உடைந்துகொண்டே இருந்தது. மாற்றுவார்கள், கொஞ்ச நாள் தாங்கும், மறுபடி விரிசல். அங்கே ஏற்கெனவே வேலை பார்த்துவந்த ஃபிட்டர் பையன் மேல்தான் பழி முழுக்க. "உனக்கு சால்வென்ட் பசை போட்டு ஒட்டவே தெரியலப்பா" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

உடைந்த எல்போவை வாங்கிப் பார்த்தேன். ஒட்டு அப்படியே இருந்தது. விரிசல் ஓடியது வளைவின் உட்புறத்தில். ஒட்டு சரியில்லை என்றால் பைப் உருவிக்கொண்டு வரும், இல்லை சாக்கெட் (பைப் நுழையும் வாய்) ஓரத்தில் கசியும். வளைவில் பிளக்காது. பிறகு லைனை நெடுக நடந்து பார்த்தேன். இரண்டு முனையிலும் இரும்பு கிளாம்ப், தளத்திலேயே துளை போட்டு ஆங்கர் போல்ட்டால் இறுக்கியது. நடுவில் முழுக்க செங்கல். சில செங்கல்லின் மேல் பைப் உருளாமல் இருக்க சிமென்ட் கலவையை அப்பியிருந்தார்கள். கடைசி கிளாம்ப் எல்போவை ஒட்டி ஒரு சாண் தூரத்தில். மத்தியான வெயிலில் அந்த லைன் செங்கல்லுக்குச் செங்கல் பக்கவாட்டில் நெளிந்து கிடந்தது. அதிகாலையில் போய்ப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

மேனேஜர் நம்பவில்லை. கடைசி கிளாம்பைத் தளர்த்திவிட்டு, சுடுதண்ணீர் ஏறுவதற்கு முன்னால் கிளாம்ப் ஓரத்தை ஒட்டிப் பைப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மத்தியானம் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோடு கிளாம்பைத் தாண்டி இரண்டு விரல்கடைக்கு மேல் நகர்ந்திருந்தது. அவர் குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பையனிடம் அப்புறம் யாரும் ஒட்டு பற்றிப் பேசவில்லை. அவனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நடுவில் ஒரு துண்டை அறுத்து எடுத்தோம். செங்கல் மேல் உட்கார்ந்திருந்த அடிப்பக்கம் தட்டையாகத் தேய்ந்து பளபளத்தது. அறுத்த வாயைப் பார்த்தால் மேல்பக்கச் சுவர் முழுக் கனத்தில் இருக்கிறது, அடிப்பக்கம் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். தினமும் நீண்டு சுருங்கும்போது செங்கல் அரம் மாதிரி ராவியிருக்கிறது. செங்கல் வைத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அந்தத் துண்டைத்தான் காட்ட ஆசைப்படுகிறேன்.

அதே கட்டடத்தில் மேல்மாடிக் கூரையில் ஓதம் வேறு. வாட்டர் ப்ரூஃபிங் செய்தவர் பிளம்பர் துளை போட்டதைச் சொன்னார், பிளம்பிங் ஆட்கள் பூச்சு சரியில்லை என்றார்கள். ஈரம் சரியாக அந்த ஆங்கர் போல்ட்டுகளுக்குக் கீழேதான் இருந்தது. நீளும் பைப் கிளாம்பைத் தினம் தினம் தள்ளி இழுத்தால் போல்ட் ஆடும், ஆடினால் அடைத்த சீலன்ட் விட்டுப்போகும். மழைநீர் அந்த வழியாக இறங்கும். தளத்தில் துளை போடாமல் தாங்க முடியும் என்றால் போடவே கூடாது என்பது என் கட்சி. கனரக லைனுக்குத் துளை போட்டே ஆகவேண்டும் என்றால், பூச்சு வேலைக்கு முன்பே தளத்தோடு சேர்த்துச் சிறு கான்கிரீட் மேடை எழுப்பி, பூச்சை மேடையின் மேலும் ஏற்றி முடிக்க வேண்டும். பூச்சு முடிந்த பிறகு டிரில்லோடு வருபவரை மாடியில் ஏற விடாதீர்கள்.

அங்கே நாங்கள் புதிதாகச் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் பிளம்பர் சொல்வதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கான்கிரீட் கட்டைகளின் மேல் இரும்புச் சேனல் பதித்தது, கட்டைக்கும் தளத்துக்கும் நடுவில் தடித்த ரப்பர் பேட். தளத்தில் ஒரு துளைகூட இல்லை. லைனின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் பைப்பை அசையாமல் பிடித்தோம். மற்ற எல்லா இடத்திலும் பைப் உள்ளே வழுக்கும்படி தளர்ந்த கிளாம்ப். நடுவில் பிடித்தால் நீளுவது இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும். எல்போவைத் தாண்டி முதல் ஒரு மீட்டருக்கும் கூடுதலான தூரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பே கிடையாது, அடியில் தாங்கல் மட்டும். பைப் அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எல்போ தப்பிக்கும். அதற்கு இடமில்லாத மாடியில் லைனின் நடுவில் ப வடிவத்தில் ஒரு வளைவு போட வேண்டும். அதன் கால்கள் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. பார்ப்பவர்கள் "நேராப் போக வேண்டிய பைப்பை ஏன் சுத்தி விடுறீங்க, நாலு எல்போ கணக்குக் காட்டவா?" என்று கேட்பார்கள். உங்கள் பிளம்பரிடமும் அதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

தாங்கல்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்? இன்டர்நேஷனல் பிளம்பிங் கோடு என்ற அமெரிக்க விதித்தொகுப்பு, படுக்கை ஓட்டத்தில் 1 அங்குலம் வரையுள்ள சிபிவிசிக்கு 3 அடி, அதற்கு மேல் 4 அடி என்கிறது. பிவிசிக்கு 4 அடி, இரும்புக்கு 12 அடி. சூடு ஏறினால் பிளாஸ்டிக் இளகும், அதனால் சுடுதண்ணீர் லைனில் பைப் கம்பெனியின் அட்டவணை இன்னும் நெருக்கமாகச் சொன்னால் அதையே பிடியுங்கள். தளத்தின் பலத்துக்காக இல்லை இது. 2 அங்குல பைப்பில் மீட்டருக்கு 2 கிலோ தண்ணீர், 4 அங்குலத்தில் 8 கிலோ. தளத்துக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் பைப் தொய்யும். தொய்ந்த இடத்தில் வண்டல் நிற்கும், இரண்டு தாங்கல்களின் மேட்டில் காற்று அடைக்கும். அப்புறம் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது என்று தொட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே யாராவது "எங்க வீட்டுல இருபது வருஷமா செங்கல் மேலதான் இருக்கு, ஒண்ணும் ஆகல" என்று எழுதுவார்கள். இருக்கலாம். மூன்று மீட்டர் லைன், பச்சைத் தண்ணீர், நிழல் என்றால் ஒன்றும் ஆகாதுதான். பழைய ஜிஐ பைப் என்றால் நீளுவதே ஐந்தில் ஒரு பங்கு. அதை வைத்து நீள ஓட்டத்துச் சுடுதண்ணீர் சிபிவிசியை எடைபோடக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர்கள் யாராவது கணக்கு போதவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பெரிய கட்டடத்தில் நிலநடுக்கத்துக்கும் காற்றுக்கும் தனியாகக் கணக்குப் போட்டுத்தான் பிடிப்பு வைக்க வேண்டும், அதை என்னைப் போன்றவர் கண்மதிப்பில் சொல்லக் கூடாது. நான் சொல்வது வீடு, சின்ன அலுவலகம் அளவுக்கு.

காற்றைச் சொன்னதால் ஒன்று. வழுக்கும் கிளாம்ப் என்றால் பைப் நீளவாட்டில் மட்டும் நகர வேண்டும். மேலே எழும்பவோ பக்கத்தில் உருளவோ கூடாது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. தளத்தின் மூலைகளிலும் ஓரங்களிலும் அது மிக அதிகம். தண்ணீர் இல்லாத பைப்புகள், அதாவது தொட்டி நிரம்பினால் வழியும் ஓவர்ஃப்ளோ, காற்றுப் போகும் வென்ட் இரண்டும்தான் முதலில் பறக்கும். செங்கல் மேல் சும்மா வைத்த பைப்பைப் பிடித்திருக்க எதுவுமே இல்லை. பம்ப் லைனில் இன்னொரு அடி உண்டு. ஓட்டம் சட்டென்று நின்றால் அழுத்தம் எகிறி லைன் குதிக்கும். இரும்பு லைனில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் ஒரேயடியாக நின்றால் அழுத்தம் 10 பாருக்கு மேல் ஏறும் (ஒரு பார் என்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்). பிளாஸ்டிக்கில் குறைவு, ஆனால் அங்கே ஒட்டும் குறைந்த பலம்தான். வால்வுகளின் எடையைப் பைப் சுமக்க விடாமல் தனித் தாங்கல் கேளுங்கள்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடப்பது. அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் கான்கிரீட் கட்டைகள் அத்தனையையும் நாங்கள் படி வழியாகத் தோளில் தூக்கி ஏற்றினோம். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேலையாட்கள் ஏறக் கூடாது என்று பலகை எழுதி ஒட்டியிருந்தார்கள். லிஃப்ட் அழுக்காகும் என்றால் அடியில் அட்டை விரித்துக்கொள்கிறோம் என்று கேட்டோம், முடியாது என்றார்கள். என்னோடு வந்த பெரியவருக்கு முழங்கால் வலி. அவர் ஒவ்வொரு மாடியிலும் கட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். உங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு பலகை இருந்தால், வேலை நடக்கும் நாளிலாவது கழற்றி வையுங்கள்.

சரி, பைப்புக்கு வருகிறேன். கட்டைகளையும் ஸ்டாண்டுகளையும் மழைநீர் வாட்டத்துக்குக் குறுக்கே அணை போல வரிசையாக வைக்கக் கூடாது, தண்ணீர் தேங்கும். மரக்கட்டை வேண்டாம், உளுத்துப்போகும். பைப்புக்கு அடியில் பெருக்கவும் பூச்சைப் பார்க்கவும் இடம் விடுங்கள். சமையல் எரிவாயு லைன் மாடியில் போனால் அது வேறு ஆளின் வேலை, நீங்களோ பிளம்பரோ கை வைக்க வேண்டாம். எரிவாயு லைனுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான இன்டர்நேஷனல் ஃபியூயல் கேஸ் கோடு அதைக் கூரைப் பரப்பிலிருந்து குறைந்தது 3½ அங்குலம், அதாவது 89 மில்லிமீட்டர், தூக்கிக் கொண்டுபோகச் சொல்கிறது.

செம்பு பைப்பை ஜிஐ கிளாம்பில் நேராகப் பிடிக்காதீர்கள், ஈரம் பட்டால் கிளாம்ப் அரித்துப்போகும். நடுவில் ரப்பர் வேண்டும். சிபிவிசிக்கு மட்டும் கண்ட ரப்பரையும் மெத்தென்ற பிளாஸ்டிக்கையும் சுற்றக் கூடாது. சிலவற்றில் இளக்கத்துக்காகக் கலக்கும் பொருள் சிபிவிசிக்குள் இறங்கி அதைப் பிளந்துவிடும். பைப் கம்பெனி எதை ஒப்புக்கொள்கிறது என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வெயில் படும் பிளாஸ்டிக் பைப்புக்குத் தண்ணீரில் கரையும் வெளிர் நிற அக்ரிலிக் பெயின்ட் அடிக்கலாம். தின்னர் கலக்கும் பெயின்ட் சிபிவிசி பக்கமே வரக் கூடாது.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் மாடி ஏறி லைனை ஒரு முனையிலிருந்து கண்ணால் நூல் பிடித்துப் பாருங்கள். நெளிந்திருந்தால் உங்கள் பிளம்பரைக் கூப்பிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பைப் என்ன வகை, எத்தனை அங்குலம், நேர் ஓட்டம் எத்தனை அடி, சுடுதண்ணீரா பச்சைத் தண்ணீரா என்று கீழே எழுதினால், நடுப்பிடிப்பை எங்கே வைக்கலாம், வளைவு தேவைப்படுமா என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.