கூப்பிடாம திரும்பிப் பாக்கணும்! – செல்லப்பிராணி கேள்வி பதில்

கேள்வி: மேடம், எங்க லேப்ரடாருக்கு ஒன்றரை வயசு. வீட்டுக்குள்ள ‘ஹீல்’னு சொன்னா இடது கால்கிட்ட வந்து ஒட்டிக்குது. கேட்டைத் தாண்டினா போதும், நான் ஒருத்தி இருக்கேன்ங்கிறதே அதுக்கு மறந்துடுது, ட்ரீட்டை மூக்குகிட்ட நீட்டினாலும் கண்டுக்கறதில்ல. லீஷை சட்டுனு சுண்டி இழுங்க, சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

பதில்: வேணாம்மா. காலர் போட்டு நாய் இழுக்கும்போது கண்ணுக்குள்ள இருக்கிற பிரஷர் ஏறுதுன்னு 2006ல ஒரு ஆய்வுல பாத்திருக்காங்க, ஹார்னஸ் (மார்பைச் சுத்தி மாட்டுற வார்) போட்டு இழுத்தப்போ அப்படி ஏறல. அதனால கழுத்துல விளையாட வேணாம். அதுவும் போக, லீஷ் டைட்டா இருந்தா நாய் அதுக்கு எதிர்ப்பக்கமா சாய்ஞ்சு இன்னும் நல்லா இழுக்கத்தான் செய்யும், நீங்க இழுக்க அது இழுக்கன்னு தெரு முழுக்க அதே கதைதான்.

உங்க நாய்க்கு ஹீல் தெரியாம இல்ல, வெளிய வந்ததும் கவனம் உங்ககிட்ட இல்ல, அவ்ளோதான். கவனமே இல்லாத நாயை நடக்க வச்சு ஹீல் ஹீல்னு கத்தினா அந்த வார்த்தைக்கு இருந்த மதிப்பும் போயிடும். அதனால கொஞ்ச நாளைக்கு அந்த வார்த்தையை வெளியில சொல்லவே சொல்லாதீங்க.

வாசல்லயே ஆரம்பிங்க. ஹார்னஸ், லீஷ் எல்லாம் மாட்டிட்டு, கேட்டுக்கு உள்பக்கமே சும்மா நில்லுங்க. பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, நாக்கைத் தட்டாதீங்க, ட்ரீட் பாக்கெட்டைச் சலசலக்க விடாதீங்க. அது அங்க பாக்கும், இங்க மோந்து பாக்கும், ஒரு கட்டத்துல ‘என்ன, கிளம்பலையா’ன்னு உங்களைத் திரும்பிப் பாக்கும் பாருங்க, அந்த செகண்ட்ல ‘எஸ்’னு சொல்லிடுங்க, ‘நீ செஞ்சது சரி, ட்ரீட் வருது’ங்கிறதுக்கு அதான் அடையாளம். எஸ் வந்த பிறகுதான் கை பாக்கெட்டுக்குப் போகணும், முன்னாடியே போனா அது உங்க முகத்தைப் பாக்காது, கையைத்தான் பாக்கும். ட்ரீட் பட்டாணி சைஸுக்கு மேல வேணாம், ஆனா வெளிய குடுக்கறது வேக வச்ச சிக்கன் மாதிரி வாசனையா இருக்கணும், தினமும் தட்டுல போடற அதே பெல்லட்டுக்கு தெருவுல என்ன மவுசு இருக்கும் சொல்லுங்க. வயிறு நிறைஞ்ச உடனேயும் பண்ணாதீங்க.

குடுக்கற இடம்தான் ரொம்ப முக்கியம், இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. இடது பக்கம் நடக்கிற நாய்க்கு இடது கையாலயே, உங்க பேன்ட்டோட பக்கவாட்டுத் தையல் இருக்கிற இடத்துல வச்சுக் குடுங்க. வலது கையைக் குறுக்க நீட்டிக் குடுத்தீங்கன்னா அது ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு முன்னாடி வந்து வாங்கிக்கும், அப்புறம் நடக்கும்போதும் காலுக்குக் குறுக்கதான் வரும், நீங்க தடுக்கி விழுவீங்க. எங்க தீனி கிடைக்குதோ அங்கதான் நாய் நிக்கும்.

இப்படிக் கொஞ்ச நாள் போனா கேட்டுகிட்ட நின்னதுமே அது உங்க மூஞ்சியையே பாத்துட்டு நிக்க ஆரம்பிக்கும். அப்போ ஒரே ஒரு அடி எடுத்து வைங்க. கண்ணை எடுக்காம கூடவே வந்தா எஸ், தையல்கிட்ட ட்ரீட். அப்புறம் ரெண்டு அடி, அஞ்சு அடி, நடுவுல திரும்பவும் ஒரே அடிக்கும் குடுங்க, அடியோட எண்ணிக்கையைக் கூட்டிக்கிட்டே போனா அதுக்கு வெறுத்துடும். பார்வை வேற எங்கயாவது போனா திட்டவும் வேணாம் இழுக்கவும் வேணாம், வலது பக்கமா திரும்பி நடங்க, உங்களைப் பிடிக்க அது ஓடி வரும். மூணு நாலு நிமிஷம் போதும், அது சலிச்சுப்போறதுக்கு முன்னாடி நீங்க முடிச்சுடணும்.

ட்ரீட்டையே கண்டுக்கலன்னு சொன்னீங்கல்ல, அப்படின்னா அந்த இடம் அதுக்கு இப்போதைக்கு ரொம்ப அதிகம்னு அர்த்தம். நாலு நாய் குரைக்கிற முனைக்குப் போய் பாடம் எடுக்காதீங்க, அது சாப்பிடற அளவுக்கு நிதானம் வர்ற தூரத்துக்குப் பின்வாங்கி வந்து அங்கிருந்து பண்ணுங்க. இன்னொண்ணு, அது மோந்து பாக்கத் துடிக்கிற கம்பத்தையே பரிசா மாத்திடலாம். நாலு அடி உங்களைப் பாத்துக்கிட்டே வந்தா ‘போ’ன்னு விட்டு, ஆசை தீர மோந்து பாக்க விடுங்க. ரொம்பப் பிடிச்ச வேலையைக் காட்டி அவ்வளவா பிடிக்காத வேலையைச் செய்ய வைக்கலாம்னு டேவிட் பிரிமாக்ங்கிற உளவியல் அறிஞர் 1959லயே எழுதிட்டார், சாப்பிட்டாதான் விளையாட்டுன்னு வீட்டுல புள்ளைங்ககிட்ட நாம பண்றதும் அதேதான்.

கேள்வி: கையில ட்ரீட் இருந்தா மட்டும் எங்க நாய் ஜம்முனு ஹீல்ல நடக்குறான், கை காலியா இருக்குன்னு தெரிஞ்சா கிளம்பிடுறான். கில்லாடி மேடம் இவன்!

பதில்: கில்லாடிதான், ஆனா சொல்லிக் குடுத்தது நீங்கதான். முதல்ல தீனியைக் காட்டி, அப்புறம் வேலை வாங்கியிருக்கீங்க. அதைத் தலைகீழா மாத்துங்க. அவன் கண்ணெதிர்லயே ட்ரீட் டப்பாவை ஒரு ஸ்டூல் மேல வச்சுட்டு, வெறும் கையோட தள்ளி வந்து நில்லுங்க. கொஞ்ச நேரம் டப்பாவையே முறைப்பான், முறைக்கட்டும். உங்களைப் பாத்த உடனே எஸ் சொல்லி ரெண்டு பேருமா டப்பாவுக்கு ஓடுங்க. டப்பாவுக்கு வழி உங்க மூஞ்சி வழியாதான்னு அவனுக்குப் புரியணும். சில நாளு தீனிக்குப் பதிலா கயிறு பொம்மையை இழுத்து விளையாடுங்க, எது எப்போ வரும்னு தெரியாம இருந்தா கவனம் இன்னும் நல்லா நிக்கும்.

கேள்வி: முகத்தைப் பாத்துக்கிட்டேதான் நடக்குது, ஆனா பின்பக்கம் வெளிய தள்ளி நண்டு மாதிரி சைடுல வருது. ஏன்?

பதில்: ட்ரீட்டை ரொம்ப முன்னாடி, இல்ல உங்க உடம்புக்குக் குறுக்க குடுக்கறீங்களான்னு பாருங்க, பெரும்பாலும் அதான். தலை உள்ள திரும்பினா பின்பக்கம் வெளிய போகத்தான் செய்யும். அதோட நிறைய நாய்க்குப் பின்னங்கால் தனியா நகரும்ங்கிறதே தெரியாது. அகலமான, வழுக்காத ஒரு பேசினைக் கவுத்து வச்சு முன்னங்கால் ரெண்டையும் அது மேல வைக்கப் பழக்குங்க. அப்புறம் நீங்க நாய் பக்கமா மெதுவா ஒரு எட்டு நகருங்க, அது பின்னங்காலை ஒரு இன்ச் நகர்த்தினாலும் எஸ். நல்லாப் பழகினதும் பேசினை எடுத்துட்டு, நடக்கும்போது சின்னச் சின்ன இடதுபக்கத் திருப்பம் போடுங்க, பின்பக்கம் தானா உள்ள வரும்.

கேள்வி: வாக்கிங் முழுக்க ஹீல்லயே வரணுமா?

பதில்: ஐயோ பாவம், வேணாம். தலையைத் தூக்கி உங்களையே பாத்துட்டு நடக்கிறது அதுக்குக் கழுத்துவலி பிடிச்ச வேலை. ரோடு கிராஸ் பண்ணும்போது, எதிர்ல சைக்கிளோ நாயோ வரும்போது மட்டும் கேளுங்க. மத்த நேரம் லீஷ் லூஸா இருந்தா சரி, மோந்து பாத்துட்டு வரட்டும். இழுக்க இழுக்க நீளுற டைப் லீஷ் வச்சிருந்தா அதை மட்டும் மாத்திடுங்க, இழுத்தா இன்னும் தூரம் போகலாம்னு அது கத்துக்கும்.