மூன்றாவது குழு லோனும் இரண்டாவது குழந்தையும்

ஊட்டி காந்தலிலிருந்து ஒரு வாசகி: "லாட்ஜில் ரூம் கிளீனிங் வேலை, 9,000 சம்பளம். கணவர் கேரட் ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார், 15,000 வரும். பாப்பாவுக்கு 11 மாதம். 'கையோடு அடுத்ததையும் பெற்றுவிடு' என்கிறார் மாமியார். கொழுந்தனார் கல்யாணத்துக்கு என் பேரில் 60,000 குழு லோனும் கேட்கிறார். ஏற்கெனவே இரண்டு ஓடுகின்றன, தவணை மாதம் 5,350, முடிய இன்னும் 14 மாதம். வாடகை 4,500. ஒன்று வீட்டு அட்வான்ஸுக்கு, இன்னொன்று நாத்தனார் வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுத்தது, அவர் மூன்று மாதத்தோடு நிறுத்திவிட்டார். போன மீட்டிங் அன்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் 500 கைமாற்று வாங்கித்தான் கட்டினேன். நாத்தனார் மாதம் 1,500-க்குக் குழந்தை பாலிசி போடச் சொல்கிறார், போடலாமா?"

பாலிசி வேண்டாம். கைமாற்று வாங்கித் தவணை கட்டுகிற வீட்டில் போய் இதை விற்கிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. பாதியில் நிறுத்தினால் கட்டியது முழுதாகத் திரும்பாது. தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்குங்கள், வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே போதும்.

உங்களைக் கெடுப்பது, அடுத்தவர் செலவுக்கு உங்கள் பேரில் கையெழுத்துப் போடும் பழக்கம். இப்போதைய தவணை 5,350 என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது லோன் வந்தால் இன்னும் சுமார் 3,200, ஆக 8,550. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் குடும்ப வருமானத்தில் பாதி வரை தவணை இருக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி, உங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து 24,000 ஆயிற்றே. ஆனால் அடுத்த பிரசவத்துக்கு நீங்கள் வேலையை விட்டால்? 15,000-இல் தவணை போக, வாடகை 4,500 போக, மிச்சம் 1,950. அரிசி, கேஸ், பாப்பாவுக்குப் பால், எல்லாம் அதில்தான். அரசின் முத்துலட்சுமி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 வரும், சரி, அது உங்கள் இரண்டு மாதச் சம்பளம். ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தால் போவது 1,62,000.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவில் 24 மாதமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு அதில் பாக்கி 13 மாதம், லோன் முடிய 14 மாதம் என்கிறீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக முடிகின்றன, அதுவரை பொறுங்கள்.

பால் கொடுப்பதால் கரு நிற்காது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அது ஓரளவு காக்கும், நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி இலவசம். காப்பர்-டி-யும் இலவசம், வேண்டும்போது எடுத்துவிடலாம். எது உங்கள் உடம்புக்குச் சரி என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

மாமியாரிடம் நீங்கள் பேசினால் சண்டையாகும், உங்கள் கணவர் பேசட்டும். "அவ பேர்ல இனி லோன் கிடையாது, தம்பி கல்யாணத்துக்கு என்னால முடிஞ்சது இவ்வளவுதான்" என்று ஒரு தொகையை அவரே சொல்ல வேண்டும். நாத்தனார் வீட்டுக்காரரிடம் பாக்கியைக் கேட்க வேண்டியதும் அவர்தான், அதுவும் அடுத்த மீட்டிங்குக்கு முன்னால்.