துளி ரத்தம்... உறவைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு இது 22-வது வாரம். போன வாரம் உறவுக்குப் பிறகு வயிறு கல் மாதிரி இறுகி, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. நேற்றும் சேர்ந்திருந்தோம், இன்று காலை உள்ளாடையில் துளி ரத்தம். குழந்தைக்கு அடிபட்டிருக்குமோ என்று கணவர் பயப்படுகிறார். 20-வது வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

பதில்: குழந்தைக்கு அடிபட வழியில்லை. கருப்பை வாய் மூடியிருக்கிறது, கெட்டியான சளி அதை அடைத்திருக்கிறது. அதற்கும் அப்பால் பனிக்குட நீரில்தான் குழந்தை இருக்கிறது. வயிறு இறுகியதும் இயல்பே. உச்சத்தின்போது கருப்பை சுருங்கும், சற்று நேரத்தில் தானே தளரும். தளராமல் விட்டுவிட்டு வலித்தால்தான் யோசிக்க வேண்டும்.

ரத்தம் வேறு விஷயம். கர்ப்பத்தில் கருப்பை வாய்க்கு ரத்த ஓட்டம் கூடுவதால் லேசான உரசலிலேயே கசிவதுண்டு. உங்கள் ஸ்கேன் குறிப்பைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லி விட்டுவிட முடியாது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியோ, 2 செ.மீ.க்குள் ஒட்டியோ இருந்தால் வலியே இல்லாமல் திடீரென நிறைய ரத்தம் போகக்கூடும். இன்றே மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் அறிக்கையை முதலிலேயே காட்டுங்கள். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று உறுதியாகாமல் கைவிட்டுப் பரிசோதிக்கக் கூடாது. உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதையும் சொல்லுங்கள், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பை உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

அதுவரை உறவு வேண்டாம், விரல் நுழைப்பதும் வேண்டாம். கருப்பையின் கீழ்ப்பகுதி விரிய விரிய, பெரும்பாலானவர்களுக்கு நஞ்சுக்கொடி மேலே போய்விடும். 32-வது வாரம் வாக்கில் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். அதில் விலகியிருந்து, ரத்தப்போக்கும் இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடரலாம்.

பனிக்குடம் உடைந்தவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், குறைமாதத்திலேயே வலி கண்டவர்கள் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கைதான்.

கேள்வி: மனைவிக்கு எட்டாம் மாதம். மருத்துவர் தடை எதுவும் சொல்லவில்லை. எந்த நிலை நல்லது? ஆணுறை அவசியமா?

பதில்: அவர் மல்லாந்து படுப்பதைத் தவிருங்கள். கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரவைக்கும். இருவரும் ஒருக்களித்து, நீங்கள் பின்னால் இருப்பது சௌகரியம். அவர் மேலே இருந்தால் ஆழத்தை அவரே கட்டுப்படுத்தலாம். பால்வினைத் தொற்றுக்கு வாய்ப்பிருந்தால் ஆணுறை கட்டாயம், இல்லையென்றால் தேவையில்லை. வாய்வழி உறவில் பிறப்புறுப்புக்குள் காற்றை ஊதவே கூடாது; காற்று ரத்தக்குழாய்க்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. இதைப் பலர் கேட்கவும் கூச்சப்படுகிறார்கள், சொல்லவும் கூச்சப்படுகிறார்கள். அவருக்கு விருப்பமில்லாத நாளில் விட்டுவிடுங்கள்.