கிராமப்புறப் பெண் விவசாயிகளுக்கு உரிய அங்கீகாரம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

நிலத்தின் காகிதத்தில் அவர்கள் பெயர் ஏற வேண்டும். என்னைக் கேட்டால் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் கொடைக்கானல் மேல்மலைக்காரி. பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் பூண்டு விவசாயத்தைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

மலைப்பூண்டில் பல் பிரிப்பது, ஊன்றுவது, களையெடுப்பது, பிடுங்கித் தாளோடு சேர்த்துக் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான். அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டைப் பொறுக்கி, புகை படும்படி தொங்கவிட்டுக் காப்பாற்றுவதும் அவர்கள்தான். எது விதைக்கு நிற்கும், எது குழம்புக்குப் போக வேண்டும் என்று கையில் எடுத்ததுமே என் அம்மா சொல்லிவிடுவார். அந்தக் கைப்பக்குவம் இல்லையென்றால் இந்தப் பூண்டு இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்காது. இதற்குப் புவிசார் குறியீடு கேட்டு விண்ணப்பித்ததும் கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம்தான்.

ஆனால் பட்டா கணவர் பெயரில் இருக்கும், இல்லையென்றால் மாமனார் பெயரில். நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்று சொல்லும் சிட்டா, அடங்கல் பதிவுகளைக் காட்டினால்தான் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க முடியும். மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகையாக வருடத்துக்கு வரும் 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். காட்டெருமை இறங்கிப் பாத்தியை மிதித்துவிட்டுப் போனால், இழப்பீட்டு மனுவுக்கும் அதே காகிதத்தைத்தான் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் கணவரை இழந்த ஒரு அக்கா, தானே பாடுபட்ட நிலத்துக்கு வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று அலைந்துகொண்டிருந்தார். அதற்குள் அந்தப் போகத்துக்கு வட்டிக்குத்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாடு முழுக்க நிலத்தைப் பொறுப்பேற்று சாகுபடி நடத்துபவர்களில் பெண்கள் ஏறக்குறைய 14 சதவீதம்தான். எங்கள் மலையில் பாத்தியில் குனிந்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு நெஞ்சில் உறுத்தும். 

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தார்கள். அப்போதே திருமணம் ஆகியிருந்தவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005-ல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 2020-ல் உச்ச நீதிமன்றமும் மகளுக்கு இது பிறப்புரிமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தும் தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் எத்தனையோ பேர். பங்கு கேட்டால் தாய்வீட்டுச் சீர் நின்றுபோகும், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு யாரும் வந்து நிற்க மாட்டார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கணவர் வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது? அதனால் இதை முதலில் பேச வேண்டியவர்கள் அண்ணன் தம்பிகளும் அப்பாக்களும்தான். புதிதாக நிலம் வாங்குகிறவர்கள் மனைவி பெயரையும் சேர்த்துக் கிரயம் செய்யுங்கள். இருக்கும் நிலத்தில் ஒரு பகுதியையாவது வீட்டுப் பெண்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வைக்கலாம். பெரிய செலவில்லாமல் முடியும்.

அடுத்தது விலை. பூண்டு வடுகபட்டி சந்தைக்கு இறங்கும்போது கூடப் போவது ஆண்கள். என்ன விலைக்குப் போனது, கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள் என்பது வீட்டுக்கு வரும்போது பாதிதான் தெரியும். மண்டிச் சீட்டை வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதும், பணத்தைப் பெண்ணின் வங்கிக் கணக்கில் போடச் சொல்வதும் சின்ன வேலைதான். அதற்கே பல வீடுகளில் சண்டை வரும். கூலியிலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இன்னும் நடக்கிறது. அது அநியாயம், வேறு விளக்கம் தேவையில்லை.

சரி, நிலமே இல்லாமல் குத்தகைக்கும் கூலிக்கும் பாடுபடும் பெண்களுக்கு என்ன வழி? வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்த பெண் விவசாயிகள் உரிமை மசோதாவில் நல்ல யோசனை ஒன்று இருந்தது. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், கிராம சபை ஒப்புதலோடு பெண்ணுக்கு விவசாயி என்று சான்றிதழ் தருவது. அது அரசு கொண்டுவந்ததல்ல, உறுப்பினர் தனியாகக் கொண்டுவந்த தனிநபர் மசோதா; நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. 2026-ஐப் பெண் விவசாயிகளுக்கான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருப்பதால் மேடையும் பொன்னாடையும் நிறைய இருக்கும். மரியாதை செய்யட்டும், நல்லதுதான். அதோடு இந்த மசோதாவையும் யாராவது தூசி தட்டி எடுக்க வேண்டும்.

அதுவரை ஊரளவில் ஒன்று செய்யலாம். நம் மாநிலத்தில் வருடத்துக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. யார் யார் எந்த நிலத்தில் பயிர் செய்கிறார்கள் என்று பெண்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். ஒரு நகலைக் கிராம நிர்வாக அலுவலருக்கும், இன்னொன்றைத் தோட்டக்கலைத் துறைக்கும் கொடுங்கள். இதனால் பட்டா மாறிவிடாது. ஆனால் அடுத்த முறை பயிற்சிக்கோ மானியத்துக்கோ ஆள் எடுக்கும்போது, எங்கள் பெயர் எங்கே என்று கேட்கக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.