எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத கிருமிக்கு வேறு வழி உண்டா? ஃபேஜ் (பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்) சிகிச்சை கிடைக்குமா?

அநேகமாக, என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தூக்கம் வராமல் கேட்டிருக்கிறீர்கள். 2017இல் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்பாவுக்கு புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து சிறுநீர் டியூப் போட்டிருந்தார்கள். பத்தாம் நாள் குளிர் ஜுரம். கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ஆர், ஆர், ஆர் (ரெசிஸ்டன்ட், அதாவது கேட்காது). கடைசியில் கோலிஸ்டினுக்கு மட்டும் ஒரே ஒரு எஸ் (சென்சிட்டிவ், கேட்கும்). கிட்னியைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டிய மருந்து அது. வேறு கதியில்லாமல் மறுபடி எடுத்திருக்கிறார்கள். போட்ட நான்காம் நாள், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அப்பாவுக்கு 1.1இலிருந்து 2.3க்கு ஏறிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி லிங்க் மேல் லிங்க்காக அனுப்பினான். 2016இல் சான் டியாகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் கோமாவில் கிடந்து, இந்த ஃபேஜ்களை ஏற்றிப் பிழைத்த கதை. ஜார்ஜியா நாட்டில் திபிலிசியில் இருக்கும், ஃபேஜ் சிகிச்சை தரும் எலியாவா நிலையத்தின் கதை, 1923இல் தொடங்கியது. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு ஃபேஜ் குறிப்பிட்ட ரகத்தைத்தான் தொடும். பக்கத்துக் கட்டில்காரரின் கிளெப்சியெல்லாவை அழிப்பது அப்பாவுடையதைச் சீண்டாமலே போகலாம். பேட்டர்சனுக்கே அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் வரை போய்த் தேட வேண்டியிருந்தது. தம்பி லிங்க் அனுப்பினான், யூரின் பையைக் காலி செய்தது நான். (படித்தால் கோபப்படுவான். படட்டும். ஆஸ்பத்திரி பில்லில் அவன் பங்கு இன்னும் வரவில்லை.)

எங்களுக்கு வழி பிறந்தது ஒரு சீனியர் சிஸ்டரால். ரவுண்ட்ஸில் டாக்டரிடம், "இந்த டியூப் இன்னும் எதுக்கு சார்?" என்று கேட்டார். எடுக்க வேண்டிய நாள் தாண்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எடுத்த டியூபின் நுனியில் தண்ணீர்த் தொட்டிப் பாசி மாதிரி வழவழவென்று ஒரு படலம். கிருமி அதற்குள் பதுங்கிவிட்டால் மருந்து சரியாக எட்டாதாம். இரண்டு நாளில் ஜுரம் இறங்கியது.

கோலிஸ்டினும் சேர்ந்துதான் வேலை செய்தது, டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நீங்களும் எதையும் சொந்தமாகப் பிடுங்கிவிடாதீர்கள். நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது ஒவ்வொரு டியூபையும் காட்டி, இது இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம், லேபில் அந்தக் கிருமியைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஃபேஜுக்கு எங்கே எழுதிக் கேட்டாலும் முதலில் அதைத்தான் அனுப்பச் சொல்வார்கள்.