ஒரே குதிரை, ஐந்து மைல்

கேள்வி: ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ இயக்கிய முதலும் கடைசியுமான படம் ‘ஒன் ஐட் ஜாக்ஸ்’ (1961) பார்த்தேன். வெஸ்டர்ன் (கௌபாய் படம்) என்கிறார்கள், கடல்தான் நிறைய வருகிறது, குதிரை குறைவு. புது இயக்குநரின் படம் என்ற வகையில் இதன் நிறை, குறை என்ன?
— வாசகர், அந்தியூர்

பதில்: அந்தியூர்க்காரர் குதிரை குறைவு என்று சொல்லலாமா? ஆடியில் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் குதிரைச் சந்தை கூடுகிற ஊர் உங்களுடையது. வாங்க வருகிறவர் அங்கே தலையா எண்ணுகிறார்? வாயைத் திறந்து பல் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்க்கிறார், கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொல்கிறார். இந்தப் படத்திலும் ஒரு குதிரையை அப்படிப் பார்த்தால் போதும். மொத்தக் கதையும் அதன் முதுகில்தான் இருக்கிறது.

1880, மெக்சிகோவின் சொனோரா. வங்கியைக் கொள்ளையடித்த ரியோவும் (பிராண்டோ) டாடும் (கார்ல் மால்டன்) மலைமுகட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கைவசம் ஒரே குதிரை, அதுவும் களைத்தது. ஒருவன் அதில் ஐந்து மைல் போய்ப் புதுக் குதிரைகளோடு திரும்ப வேண்டும். யார் போவது என்று பார்க்கும்போது, டாட் போகும்படி ரியோவே தில்லுமுல்லு செய்கிறான். டாட் போகிறான். தங்கத்தோடு அப்படியே எல்லையைத் தாண்டிவிடுகிறான். ரியோவுக்கு ஐந்து வருடம் சிறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். களைத்த குதிரை நடந்தால் மணிக்கு ஆறோ ஏழோ கிலோமீட்டர்தான். போய்ச் சேரவே ஒரு மணி நேரம் தாண்டிவிடும். விரட்டினால் நாற்பது நிமிடம், புதுக் குதிரையில் திரும்ப அரை மணி. அதற்குள், ஒரு மணி நேரத்திலேயே, போலீஸ் முகட்டைப் பிடித்துவிடும். புதுக் குதிரை வாங்கப் போன தொழுவத்தில் நின்று ஒரு தடவை மலையையும் ஒரு தடவை எல்லையையும் பார்க்கிற டாடின் முகத்தில் ஓடுவது இந்தக் கணக்குதான். துரோகத்துக்கு வசனமே தேவைப்படவில்லை. முதல் படத்திலேயே இதைச் செய்தவரை நான் கொண்டாடுவேன்.

கடலும் நிறைதான். கலிஃபோர்னியாவின் மான்டரே கரையில், சார்லஸ் லாங் ஒளிப்பதிவில், விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் எடுத்தார்கள். அதில் பிலிம் படுக்கைவாட்டில் ஓடும். சாதாரண 35 எம்.எம்.மில் ஒரு பிரேமுக்குப் பிலிம் ஓரத்தில் நான்கு துளை, இதில் எட்டு. படப்பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால்தான் தூரத்து அலையின் நுரைகூடப் பிசிறில்லாமல் தெரிகிறது.

குறையும் அங்கேதான் பிறக்கிறது. விஸ்டாவிஷன் நிமிடத்துக்கு 180 அடி பிலிம் தின்னும். வழக்கமான கேமராவுக்கு 90 அடி போதும். சரியான அலை வரட்டும் என்று பிராண்டோ யூனிட்டையே உட்காரவைத்தார். பத்து லட்சம் அடிக்கு மேல் ஓடியது. அதாவது 92 மணி நேரத்துக்கும் அதிகம். திரைக்கு வந்தது 141 நிமிடம். அவர் தொகுத்தது நான்கு மணி நேரத்தைத் தாண்ட, ஸ்டுடியோ பிடுங்கி வெட்டி முடிவையும் மாற்றியது.

ஆனால் நடுப்பகுதி தொய்வதற்கு ஸ்டுடியோவைக் குற்றம் சொல்ல மாட்டேன். சிறையிலிருந்து தன்னைத் தேடி வந்த ரியோவை, ஷெரீஃப் (ஊர்ப் போலீஸ் தலைவன்) ஆகிவிட்ட டாட் சாட்டையால் அடித்து, துப்பாக்கிக் கட்டையால் கையை நசுக்குகிறான். கை ஆறும்வரை ரியோ மீனவக் குப்பத்தில் கிடக்கிறான். மலைமுகட்டில் ஒரு மணி நேரக் கெடு இருந்தது, இங்கே எந்தக் கெடுவும் இல்லை. கூட்டாளிகள் சலிக்கிறார்கள், நாமும் சலிக்கிறோம்.

தொப்பி, துப்பாக்கி, புழுதி மூன்றும் சேர்ந்தால் வெஸ்டர்ன் என்று நினைக்கும் நம்மூர்ப் புது இயக்குநர்களோடு எனக்குப் பழைய சண்டை. ரேக்ளாவில் காளையை 200 மீட்டர், 300 மீட்டர்தான் விரட்டுகிறோம். சினிமாவிலோ அதே வண்டி ஒரு பாட்டு முழுக்கப் பறக்கிறது, காளைக்கு வாயில் நுரைகூட இல்லை. மிருகத்துக்கு மூச்சு வாங்காத படத்தில் மனிதனுக்கு எப்படி ஆபத்து வரும்?

வெஸ்டர்ன் எடுக்க ராஜஸ்தானுக்கு ஓடவும் வேண்டாம். வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே போக ஒரு படல். காங்கேயம் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் தேவையில்லை. புல், தண்ணீர், வேலி என்று அமெரிக்க மேற்கில் எதற்கெல்லாம் துப்பாக்கி தூக்கினார்களோ அத்தனையும் இங்கே ஒரே காட்டுக்குள் இருக்கிறது. வேலியில் கிளுவை பட்டுப்போன இடத்தில் புதுப் போத்து (வெட்டிய கிளை) நட்டால், அது வேர்பிடித்து நெருக்கமாகத் தழையும்வரை மாட்டை நம்பி விட முடியாது. அதற்குள் புல் முற்றும், மழை பொய்க்கும், பக்கத்துக் காட்டு மாடு சந்து வழியாக உள்ளே வரும். புது இயக்குநர் அந்தச் சந்தில் கேமராவை வைக்கட்டும்.